இரண்டு நாள் நடத்தியவர் விருந்தாளியா? ரம்யா கிருஷ்ணனும் சின்னத்திரையும்

ரிமோட் ராணி (இரவு 9.48)

நேற்று ஒரு யூடியூப் சானலில் ஒருவர் ரம்யா கிருஷ்ணனைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார். 'படையப்பா'வில் அவர் நடித்த நீலாம்பரி அறைக்குள் அடைந்து கிடந்தது பதினெட்டு வருடம். எனக்கு இரண்டும் ஒரே நீளமாகத்தான் தெரிந்தது. அவர் பேசியதன் சாரம் இதுதான்: "ரம்யா பெரிய நடிகை, சரி. ஆனால் டிவியைப் பொறுத்தவரை அவர் விருந்தாளி. சினிமா வாய்ப்பு குறைந்தபோது வந்து எட்டிப் பார்த்தவர். பிக்பாஸுக்குக்கூட இரண்டு நாள் கெஸ்டாகத்தான் வந்தார்."

எட்டிப் பார்த்தாராம்! 2008-இல் 'கலசம்' தொடர். 2009-இல் 'தங்கம்', அது 2013 வரை. 2013-இலேயே 'வம்சம்', அது 2017 வரை. எங்கள் வீட்டையும் இப்படிப் பத்து வருடமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டு, என் நாத்தனார். அவரை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை.

வாய்ப்பு குறைந்தபோது வந்தார் என்பது அதைவிட அபத்தம். 'பாகுபலி' முதல் பாகம் 2015 ஜூலை, இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல். இரண்டும் வெளியானபோது சன் டிவியில் 'வம்சம்' ஓடிக்கொண்டிருந்தது. தியேட்டரில் குழந்தையைத் தூக்கிப் பிடித்த சிவகாமியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் டிவியிலும் அதே முகம். இப்படி இன்னொரு நடிகையை யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்.

கடைசியாக பிக்பாஸ். 2021 நவம்பர், ஐந்தாவது சீசன். கமலுக்குக் கொரோனா. அந்த வாரக் கடைசியை நடத்தியவர் ரம்யா. விருந்தாளியாக வந்து கையசைத்துவிட்டுப் போகவில்லை.

ஒன்பதரை மணி (இரவு 10.05)

அக்கா, கோபம் புரிகிறது. ஆனால் இரண்டு நாள் வந்தவர் கெஸ்ட்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

சின்னத்திரை என்று பேச்செடுத்தால் ராதிகாவில் தொடங்கி ராதிகாவில் முடிக்க வேண்டும். 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியபோது ஒன்பதரை மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. அப்புறம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி'. நடித்ததோடு நிற்காமல் ராடான் நிறுவனத்தை வைத்துத் தயாரித்தார். அவர் சொந்த வீடு கட்டியவர். ரம்யா அந்தத் தெருவில் வாடகைக்கு வந்தவர்.

ரிமோட் ராணி (இரவு 10.11)

வாடகைக்கு வந்தவர் குடித்தனக்காரர், தம்பி. விருந்தாளி அல்ல. நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துக்கொண்டீர்கள்.

ராதிகாவை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ரம்யாவை கெஸ்ட் என்றால் மட்டும் விடமாட்டேன்.

கோவை குசும்பன் (இரவு 10.14)

டீ போட்டு எடுத்து வருகிறேன். இது இன்று முடியாது.

கணக்கு வாத்தியார் (இரவு 10.22)

உணர்ச்சியை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 'வாணி ராணி' 1700 எபிசோடுகளைத் தாண்டியது. 'வம்சம்' 1300-ஐத் தாண்டியது. ஆனால் எல்லோரும் கொண்டாடும் 'சித்தி' 500-ஐக்கூட எட்டவில்லை. இரண்டு வருடத்துக்குள் முடித்துவிட்டார்கள். எனவே நாட்கணக்கை வைத்துப் பெருமை பேசினால் 'சித்தி'க்கே அடி விழும்.

ஒன்பதரை மணி (இரவு 10.26)

வாத்தியாரே, 'சித்தி'யை எண்ணிக்கையால் அளப்பவர் பாயசத்தை இஞ்சுப் பட்டையால் அளப்பார். உங்கள் லட்சணம் போன மாதம் 'கோலங்கள்' சீரியல் திரியிலேயே தெரிந்தது. ஆதியை அபியின் கணவன் என்று எழுதியவர்தானே நீங்கள்?

கணக்கு வாத்தியார் (இரவு 10.29)

அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

ஒன்பதரை மணி (இரவு 10.30)

"பாஸ்கர்" என்பதற்குப் பதில் "ஆதி" என்று தட்டச்சுப் பிழை வருமா? எந்தக் கீபோர்டில்?

ரிமோட் ராணி (இரவு 10.37)

ஆதி அபிக்கு அண்ணன் தம்பி முறை. ஊருக்கே தெரியும். அதை விடுங்கள். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தச் சனி ஞாயிறு என்ன நடந்தது? கமல் காணொலியில் வந்து பேசி மேடையை அவரிடம் ஒப்படைத்தார். போட்டியாளர்களிடம் வாரக் கணக்கு கேட்டது யார்? ரம்யா. வெளியேறுகிறவர் பெயரை அறிவித்தது யார்? ரம்யா. சரி, வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். டிரைவருக்கு உடம்பு சரியில்லை, ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் வண்டியை மதுரை வரை ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் டிரைவரா, காரில் ஏறிய விருந்தாளியா?

ஒன்பதரை மணி (இரவு 10.41)

ஆக்டிங் டிரைவர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. அவர் பெயரிலேயே "ஆக்டிங்" இருக்கிறது. வண்டிக்குச் சொந்தமான டிரைவர் வேறு ஆள். இரண்டு நாள். கெஸ்ட்.

கோவை குசும்பன் (இரவு 10.43)

நடிகையை ஆக்டிங் டிரைவர் என்றது பொருத்தம்தான். ஆக்டிங்குக்கு ஆக்டிங், டிரைவிங்குக்கு டிரைவிங்.

தூர்தர்ஷன் காலத்து ஆள் (இரவு 10.58)

பிள்ளைகளா, முதலில் சொல்லுக்குப் பொருள் பார்ப்போம். கௌரவத் தோற்றம் என்றால் கதைக்கு இன்றியமையாதவராக இல்லாமல், பெயருக்காக ஓரிரு காட்சியில் வந்து போவது. சிறப்புத் தோற்றம் என்பது அதைவிடக் கொஞ்சம் பெரியது. நிகழ்ச்சித் தொகுப்பு என்பது முற்றிலும் வேறு இனம், அதற்கு இந்த இரண்டு சொல்லுமே பொருந்தாது. இதை ஒப்புக்கொண்டால் சண்டையே இல்லை.

அதோடு, சின்னத்திரை சன் டிவியில் பிறக்கவில்லை. சுஹாசினி தூர்தர்ஷனுக்காக 'பெண்' என்ற தொடரை இயக்கினார். ஒவ்வொரு கதையும் தனிக்கதை. சினிமா நடிகைகள் டிவிக்கு வருவதைக் கௌரவமாக நினைத்த காலம் அது. அதையெல்லாம் பேசாமல்...

ரிமோட் ராணி (இரவு 11.02)

ஐயா, பொருள் விளக்கமெல்லாம் அப்புறம். அவர் நடத்தினாரா இல்லையா?

ஒன்பதரை மணி (இரவு 11.02)

ஐயா, விளக்கம் நன்று. ஆனால் இரண்டு நாள்தானே?

தூர்தர்ஷன் காலத்து ஆள் (இரவு 11.06)

நான் எழுதியதைப் படித்தீர்களா?

பாட்டியின் பேரன் (இரவு 11.15)

இங்கே நடப்பதற்குச் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, ஒன்று சொல்கிறேன். என் பாட்டிக்கு ரம்யா கிருஷ்ணன் என்ற பெயரே தெரியாது. முதலில் "தங்கவேட்டை பொண்ணு", அப்புறம் "வம்சம் பொண்ணு". 'படையப்பா'வை டிவியில் போட்டபோது "ஐயோ, இந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கெட்டுப் போச்சு" என்று வருத்தப்பட்டார். பாட்டிக்கு அவர் டிவிக்காரர். சினிமாவில்தான் கெஸ்ட்.

ரிமோட் ராணி (இரவு 11.19)

இந்தத் தம்பி பாட்டிக்கு என் நமஸ்காரம். 'தங்கவேட்டை'யை நானே மறந்துவிட்டேன். சன் டிவியில் அதை நடத்தியவர் ரம்யா. கேள்வி கேட்டு, சீண்டி, சிரித்து, தங்கம் கொடுத்து அனுப்புவார். ஆக, தொகுப்பாளர் வேலை அவருக்கு 2021-இல் திடீரென்று தலையில் விழுந்த வேலை அல்ல.

இன்னும் கேளுங்கள். 2019-இல் தெலுங்கு பிக்பாஸ் மூன்றாவது சீசன். நாகார்ஜுனா அறுபதாவது பிறந்தநாளுக்கு வெளிநாடு போனார். அந்த வாரக் கடைசியை நடத்தியதும் ரம்யாதான். இரண்டு மொழி, இரண்டு பெரிய ஹீரோக்கள். இருவர் இல்லாதபோதும் ஒருவரையே கூப்பிட்டார்கள். விருந்தாளியிடம் யாராவது வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா?

ஒன்பதரை மணி (இரவு 11.24)

தெலுங்கிலும் இரண்டு நாள். தமிழிலும் இரண்டு நாள். கூட்டினால் நான்கு நாள். வாத்தியார் சரிபார்க்கவும், ஆதி கணக்கு போலப் போட்டுவிட வேண்டாம்.

தெலுங்கில் அடுத்த வருடமே நாகார்ஜுனா படப்பிடிப்புக்குப் போனபோது தசரா நிகழ்ச்சியை சமந்தா நடத்தினார். அவரையும் பிக்பாஸ் தொகுப்பாளர் என்று பட்டியலில் சேர்ப்பீர்களா? பிக்பாஸ் அல்டிமேட்டைப் பாருங்கள். 2022-இல் கமல் பாதியில் விலகியதும் சிம்பு வந்து கடைசி வரை நடத்தினார். அவர் தொகுப்பாளர். வந்து, இருந்து, முடித்துக் கொடுத்தார்.

ரிமோட் ராணி (இரவு 11.31)

ஆக, முடித்துக் கொடுத்தால்தான் சொந்தக்காரரா? அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன், மனம் கோணக் கூடாது. 'சித்தி 2' என்ன ஆயிற்று? 2020-இல் தொடங்கினார்கள். 2021-இல் ராதிகா விடைபெற்றுப் போனார், தொடர் அவர் இல்லாமல் ஓடியது. உங்கள் அளவுகோல்படி 'சித்தி 2'-இல் சித்தியே கெஸ்டா?

கோவை குசும்பன் (இரவு 11.32)

டீ போதாது. பஜ்ஜிக்கும் எண்ணெய் வைக்கிறேன்.

ஒன்பதரை மணி (இரவு 11.47)

இது அநியாயம். அவர் ஒரு வருடத்துக்கும் மேல் அதில் இருந்தார். இரண்டு நாளும் ஒரு வருடமும் ஒன்றா? அது அவர் பெயரில் நிற்கும் தொடர். அவர் அதன் ஆணிவேர்.

இந்தத் தளத்தில் ராதிகா பெயரை எடுத்தாலே இப்படித்தான் திரும்புகிறது. போன தீபாவளிக்கு "சிறந்த டிவி அம்மா" வாக்கெடுப்பு வைத்தீர்களே, அதில் முதல் நாள் ராதிகா முன்னால் இருந்தார், மறுநாள் காலை திரியையே காணவில்லை. யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

ரிமோட் ராணி (இரவு 11.50)

நான் அழிக்கவில்லை. ஒரே ஆள் நான்கு பெயரில் வந்து வாக்குப் போட்டதாகப் புகார் வந்தது, மட்டுறுத்துநர் எடுத்துவிட்டார். அந்த நான்கு பெயரில் மூன்றில் "மணி" இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

ஒன்பதரை மணி (இரவு 11.51)

தமிழ்நாட்டில் "மணி" என்ற பெயர் எனக்கு மட்டுமா?

கணக்கு வாத்தியார் (இரவு 11.58)

நான் சமாதானமாக ஒன்று சொல்கிறேன். ரம்யாவுக்கு 'குயின்' வலைத்தொடரும் உண்டு. 2019 டிசம்பர். கௌதம் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கியது. சக்தி சேஷாத்ரி என்ற பாத்திரம். சின்ன வயதுக்கு அனிகா, இளம் வயதுக்கு அஞ்சனா, அதற்குப் பிறகு ரம்யா. இதையும் கணக்கில் சேர்த்தால் ராணி அக்கா பக்கம் பலம் கூடும்.

தூர்தர்ஷன் காலத்து ஆள் (இரவு 12.04)

அது போனில் பார்ப்பது. தொலைக்காட்சி அல்ல.

கணக்கு வாத்தியார் (இரவு 12.06)

நான் டிவியில்தான் பார்த்தேன் ஐயா. ஸ்மார்ட் டிவி.

தூர்தர்ஷன் காலத்து ஆள் (இரவு 12.09)

சி.டி. போட்டுக்கூட டிவியில் பார்க்கலாம். அதனால் சி.டி. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆகிவிடுமா? ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் டிவி என்றால் என்னவென்று தெரியும்.

பாட்டியின் பேரன் (இரவு 12.12)

மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு "தெரியுதா, தெரியுதா" என்று கத்தியது என் அப்பா. கீழே உட்கார்ந்து பார்த்தது அவருடைய அண்ணன். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

ஒன்பதரை மணி (காலை 6.40)

தூங்கி எழுந்து யோசித்தேன். நான் சொன்னதில் தவறில்லை. இரண்டு நாள் வந்தவர் கெஸ்ட்.

தொகுப்பாளர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று 'கோடீஸ்வரி' பாருங்கள். கலர்ஸ் தமிழ், ராதிகா நடத்தியது. பெண்கள் மட்டும் போட்டியாளர்கள். 2020 ஜனவரியில் காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் அதில் ஒரு கோடி ஜெயித்தார். அந்த எபிசோடில் ராதிகா பேசுவதைக் குறைத்துக்கொண்டு அந்தப் பெண் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் மட்டும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ரிமோட் ராணி (காலை 7.15)

குக்கர் மூன்று விசில் வருவதற்குள் எழுதுகிறேன்.

அந்த எபிசோடைப் பார்த்து நானும் அழுதேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை. நல்ல நிகழ்ச்சி. ஆனால் ராதிகா நன்றாக நடத்தினார் என்பதால் ரம்யா நடத்தவே இல்லை என்று எப்படி ஆகும்? இட்லி நன்றாக இருக்கிறது, எனவே அது தோசையே இல்லை என்கிறீர்கள்.

கெஸ்ட் என்றால் என்னவென்று ரம்யாவின் படங்களிலேயே காட்டுகிறேன். 'ரிதம்' படத்தில் ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போனார். அது கெஸ்ட். 2002-இல் 'பாபா' படத்தில் நீலாம்பரியாகவே சில நொடி வந்தார். அது கெஸ்ட். இரண்டையும் நான் கெஸ்ட் என்றே ஒப்புக்கொள்கிறேன், பாருங்கள், எனக்குப் பாரபட்சம் இல்லை. பிக்பாஸில் முழு இரவும் மேடையில் நின்று, உள்ளே இருப்பவர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார். பொறுப்பு ஆளுநர் கையெழுத்துப் போட்டால் செல்லாதா? தலைமையாசிரியர் விடுப்பில் போனால் பொறுப்புத் தலைமையாசிரியர் அடித்த பெல் பெல் இல்லையா?

கணக்கு வாத்தியார் (காலை 7.22)

பொறுப்புத் தலைமையாசிரியராக நான் பதினோரு மாதம் இருந்தேன். பெயர்ப் பலகையில் என் பெயரை எழுதவில்லை. இன்னும் வருத்தம்தான்.

ஒன்பதரை மணி (காலை 7.24)

பார்த்தீர்களா! பெயர்ப் பலகையில் எழுதவில்லை. அனுபவப்பட்டவரே சொல்லிவிட்டார்.

கணக்கு வாத்தியார் (காலை 7.25)

நான் உங்கள் பக்கம் சாட்சி சொல்லவில்லை. என் வருத்தத்தைச் சொன்னேன்.

கோவை குசும்பன் (காலை 7.51)

இவ்வளவு பேசுகிறீர்களே, சீரியல் பார்க்கும் யாராவது ஒரு எபிசோடில் எத்தனை நிமிடம் கதை நகர்கிறது என்று சொல்லுங்கள். கதவைத் திறக்க மூன்று கோணம், முகத்துக்கு மூன்று தடவை இடி, அப்புறம் விளம்பரம். 1700 எபிசோடில் இடியைக் கழித்தால் எத்தனை மிஞ்சும்?

ஒன்பதரை மணி (காலை 7.58)

உங்களைப் போன்றவர்கள் சீரியலைக் கிண்டல் செய்வீர்கள், ஆனால் அம்மா பார்க்கும்போது கதவோரம் நின்று பார்ப்பீர்கள். 'சித்தி'யில் இடி கிடையாது. சாரதாவாக ராதிகா ஒரு பார்வை பார்த்தாலே போதும். எதிரில் யுவராணி நின்றாலும் சரி, வேறு யார் நின்றாலும் சரி. தலைப்புப் பாட்டைப் பாம்பே ஜெயஸ்ரீ பாடத் தொடங்கியதும் எங்கள் தெருவில்...

ரிமோட் ராணி (காலை 8.03)

நிறுத்துங்கள். பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன்.

பேரையே ஒன்பதரை மணி என்று வைத்துக்கொண்டு 'சித்தி' பாட்டைப் பாடியவர் யாரென்று தெரியவில்லை. இவர்தான் எனக்கு கெஸ்டுக்கும் தொகுப்பாளருக்கும் வித்தியாசம் சொல்லித்தருகிறார்.

கணக்கு வாத்தியார் (காலை 8.05)

தட்டச்சுப் பிழையாக இருக்கும். எந்தக் கீபோர்டோ.

ஒன்பதரை மணி (காலை 8.20)

அவசரத்தில் எழுதினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு விஷயத்தைத் திசைதிருப்ப வேண்டாம். பாட்டு யார் பாடினால் என்ன, ரம்யா வந்தது இரண்டு நாள்.

தூர்தர்ஷன் காலத்து ஆள் (காலை 9.10)

நான் மேலே கொடுத்த பொருள் விளக்கத்தை இன்னும் யாரும் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. மீண்டும் ஒட்டவா?

ரிமோட் ராணி (காலை 9.34)

வேண்டாம் ஐயா, படித்துவிட்டேன். அதில் "தொகுப்பு முற்றிலும் வேறு இனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் கட்சி. ஆக நீங்களும் என் பக்கம். மூன்றுக்கு ஒன்று.

தூர்தர்ஷன் காலத்து ஆள் (காலை 9.41)

நான் யார் பக்கமும் இல்லை. என்னை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கோவை குசும்பன் (காலை 9.44)

ஐயா இந்தத் திரியில் கெஸ்ட்.

ஒன்பதரை மணி (காலை 10.15)

அந்த மூன்று பேர் யார் யார்? அக்கா, ஐயா, பிறகு? பாட்டியா? பாட்டிக்கு இந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறதா? நான்கு பெயரில் வாக்குப் போட்டேன் என்று என்னைச் சொன்னவர்கள் இப்போது வாக்கில்லாதவர்களையும் எண்ணுகிறார்கள்.

பாட்டியின் பேரன் (பிற்பகல் 1.20)

பாட்டியிடம் கேட்டேன். பிக்பாஸ் பார்ப்பதில்லையாம். "அந்தப் பொண்ணு திரும்ப எப்ப வரும்" என்று கேட்டார். 'தங்கவேட்டை' பழைய எபிசோடுகள் எங்காவது கிடைக்குமா? யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

ரிமோட் ராணி (பிற்பகல் 2.05)

தம்பி, தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அந்த யூடியூப்காரர் இன்று இரண்டாம் பாகம் போட்டிருக்கிறார், இருபத்தி நான்கு நிமிடம். தலைப்பிலேயே "கெஸ்ட் ராணி" என்று வைத்திருக்கிறார். பாத்திரம் கழுவிவிட்டு வந்து ஒவ்வொரு நிமிடமாகப் பதில் எழுதுகிறேன். யாரும் திரியைப் பூட்டிவிடாதீர்கள்.

ஒன்பதரை மணி (பிற்பகல் 2.07)

தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது.